முப்பத்தொரு பேரைப் போனை வைக்கச் சொன்னேன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் தெரிந்துகொள்ளாமல் விட முடியாது. பக்கத்து வீட்டுக் குக்கர் தினமும் ஐந்து விசில் அடிக்கும். ஒரு நாள் நான்கோடு நின்றுவிட்டால் எனக்குக் கை வேலை ஓடாது. சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்ததால் வந்த வினை என்பார் என் வீட்டுக்காரர். ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்ததில் ஆரம்பித்து, கடைசியில் விசாரணை எண்ணில் உட்கார்ந்து ஓய்வு பெற்றேன். முகம் தெரியாத குரல்களோடுதான் என் பிழைப்பு. பேசுகிறவர் உட்கார்ந்திருக்கிறாரா நின்றிருக்கிறாரா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, அழுதுவிட்டு வந்து பேசுகிறாரா என்பதெல்லாம் எனக்கு இரண்டு வார்த்தையில் தெரிந்துவிடும். குரலை வைத்து என்னை ஏமாற்ற ஒருவன் பிறந்து வரவேண்டும் என்று வெளிப்படையாகவே பீற்றிக்கொள்வேன்.

பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் சேர்ந்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் ஆபீசில் காலை வேளையில் உதவிக்கு உட்கார ஆரம்பித்தேன். சம்பளம் கிடையாது, காபி உண்டு. எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, லத்தீனில் எழுதப்பட்ட பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. இன்னொன்று, வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களின் பட்டியலைப் பராமரிப்பது. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை பங்குசாமி, அதாவது எங்கள் கோவில் சாமியார், பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு இவர்கள் வீடுகளுக்குப் போவார். மொத்தம் முப்பத்தொரு பேர்.

இந்தப் பட்டியல் நான் வருவதற்கு முன்னால் ஒரு நோட்டில் இருந்தது. பெயர், கதவு எண், போன் எண், அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. சாமி போய்க் கதவைத் தட்டிவிட்டு வெயிலில் நிற்கக் கூடாதே என்று பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கடைசியில் ஒரு கட்டம் சேர்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, துருவித் துருவிக் கேட்டு, அந்தக் கட்டத்தை நிரப்பினேன். தமிழில் தட்டச்சு செய்ய எனக்கு வராது. ஆகையால் ஆங்கிலத்தில்: "மகள் கனடாவில். மதியம் தனியாக இருப்பார்." "காது மந்தம், பின்கதவுக்குத் தாழ் கிடையாது." "சாவி ஜன்னல் கட்டையில்." எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. இப்படி ஒரு பட்டியல் மறைமாவட்டத்திலேயே எந்தப் பங்கிலும் இருக்காது என்று பங்குசாமியிடம் சொன்னேன். அவர் பரமத்தி வேலூர்ப் பக்கத்துக்காரர், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம், என் கடைசித் தம்பி வயசு. "அட, இத வெச்சு ஒரு ஊட்டுல குடித்தனமே பண்ணிரலாமுங்களே" என்று சிரித்தார்.

ஈஸ்டருக்கு முன்பான தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. சாமி ஒரு துக்க வீட்டுக்கு வாழப்பாடி போயிருந்தார். ஆபீசில் நான் மட்டும். பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் "சுப் கொந்தித்சியோனே" என்று இரண்டு சொற்கள். அதற்கு முன்னால் அறுபது பக்கங்களில் அப்படி ஒன்று இல்லை. இந்தக் குழந்தைக்கு மட்டும் என்ன விசேஷம்? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இண்டர்நெட்டில் தேடினேன். பழைய லத்தீன் கையெழுத்துகளுக்குப் பொருள் சொல்வதாக ஒரு பக்கம் வந்தது. அதைத் தட்டினேன்.

திரை முழுக்கச் சிவப்பானது. ஆம்புலன்ஸ் சத்தம். அதற்கு மேல் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் அதட்டியது: உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, வைரஸ் உங்கள் விவரங்களைத் திருடிக்கொண்டிருக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், அணைத்தால் எல்லாம் அழியும், உடனே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். மவுஸ் என்கிற எலியை எப்படி ஆட்டினாலும் அந்தப் பக்கம் போகவில்லை.

பயந்தேன் என்று சொன்னால் பொய். இரண்டு வருடம் தட்டி ஏற்றிய பதிவேடுகள் போய்விடுமோ என்று ஒரு கணம் தோன்றியது, அவ்வளவுதான். மற்றபடி எனக்கு ஒரே ஆவல். இந்த எண்ணைக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? என் செல்போனிலிருந்தே கூப்பிட்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். நல்ல குரல். முப்பது வயதுக்குள் இருக்கும், உட்கார்ந்திருக்கிறான், வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறான். பேசியது ஆங்கிலம், நான் தமிழில் எழுதுகிறேன். "பதற்றப்படாதீர்கள் மேடம், நான் இருக்கிறேன்" என்றான். சிவப்பை விலக்க எந்த விசைகளை அமுக்க வேண்டும் என்று சொல்லி, ஒரு சின்ன புரோகிராமை இறக்கச் சொன்னான். இறக்கினேன். திரையில் ஒன்பது இலக்க எண் வரும், அதைப் படியுங்கள் என்றான்.

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். எண்ணைப் படிப்பது என் தொழில். மூன்று மூன்றாகப் பிரித்து, ஐந்துக்கும் ஒன்பதுக்கும் அழுத்தம் கொடுத்து, ஒரு முறை சொல்லி, மறுமுறை சொல்லி, "சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று முடித்தேன். அவன் ஒரு நொடி பேசவில்லை. பிறகு, "மேடம், இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாக எண் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை" என்றான். ஓய்வு பெற்று ஆறு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தையை எனக்கு யாரும் சொன்னதில்லை. குளிர்ந்துபோனேன்.

அம்பு தானாக நகர ஆரம்பித்தது. என் கை மடியில் இருக்க, திரையில் அம்பு மட்டும் ஊர்ந்துபோனதை நான் வாயைப் பிளந்து பார்த்தேன். கறுப்பாக ஒரு கட்டம் திறந்தது. அதில் வெள்ளை எழுத்துகள் ஓடின. "பார்த்தீர்களா, இதெல்லாம் வைரஸ்" என்றான். "ஒவ்வொரு வரியும் ஒரு வைரஸா?" என்று கேட்டேன். "ஆமாம் மேடம்." "இத்தனையும் எப்படி ஒரே நேரத்தில் வந்தது?" அதற்கு அவன் ஏதோ சொன்னான். நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். உங்கள் ஆபீசில் எத்தனை பேர், பெண்கள் உண்டா, ஷிப்ட் எத்தனை மணி நேரம், சாப்பாடு ஆபீசிலேயே கொடுப்பார்களா? அவன் சலிக்காமல் பதில் சொன்னான். இன்றைக்கு யோசித்தால் அவன்தான் பாவம்.

நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அம்பு பட்டியல் இருந்த கோப்பைத் திறந்தது. முப்பத்தொரு வரியும் திரையில் விரிந்தன. அம்பு கடைசிக் கட்டத்தில் மெதுவாக இறங்கியது. என் வாக்கியங்களை ஒருவன் படிக்கிற வேகம் அது. பிறகு மூடிவிட்டான். "பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுத்துக்கொள்கிறேன் மேடம்" என்றான். நானும் சரி என்றேன்.

அப்புறம் வங்கிப் பக்கம் போனான். கோவில் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட செக் இல்லாமல் எதுவும் நடக்காது என்றேன். அப்படியானால் உங்கள் சொந்தக் கணக்கு, உங்கள் போனுக்கு ஓர் ஆறு இலக்க எண் வரும், அதைப் படியுங்கள் என்றான். படிக்கத் தயாராகத்தான் இருந்தேன். அப்போது அவன் குரலுக்குப் பின்னால், இரண்டு நாற்காலி தள்ளி, இன்னொருவன் இன்னொருவரிடம் பேசுவது என் காதில் விழுந்தது. சாதாரணக் காதுக்குக் கேட்டிருக்காது. "மேடம், இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாக எண் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை."

அதே வார்த்தைகள். அதே இடத்தில் அதே ஒரு நொடி மௌனம்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏமாந்தோம் என்பதுகூட அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது அந்தப் பாராட்டு என்னுடையது இல்லை என்பதுதான். ஆனால் அந்த நிலையிலும் நான் போனை வைக்கவில்லை. பேசுகிற இருவரும் வைக்காமல் ஆபரேட்டர் லைனை வெட்டக் கூடாது. முப்பது வருடப் பழக்கம். "ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மேசைக்கு அடியில் குனிந்து, கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கினேன். திரை கறுத்தது. போனில் அவன் "மேடம்? மேடம்?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே வைத்தான். அன்று மாலைக்குள் அதே எண்ணிலிருந்து பதினோரு தடவை கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி அடிக்கிறது என்று மட்டும் எண்ணினேன்.

அரைமணி கழித்து ஒயரை மாட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்தது. சிவப்பைக் காணோம். பதிவேடுகள் அப்படியே இருந்தன. நல்லவேளை என்று வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். வீட்டுக்காரரிடம் மூச்சுக்கூட விடவில்லை. சொன்னால் அவர் ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்டுவார்.

ஆனால் சோற்றில் கை வைக்கும்போது அந்தக் கடைசிக் கட்டம் கண்முன் வந்தது. நகல் எடுத்துக்கொள்கிறேன் என்றானே. பின்கதவுக்குத் தாழ் கிடையாது என்பது இப்போது அவனுக்கும் தெரியும். மகள் கனடாவில் என்பதும் தெரியும். நாளைக்கே கோவிலிலிருந்து பேசுகிறோம் என்று ஒருவன் கூப்பிட்டால், இந்த முப்பத்தொரு பேரும் கேட்டதையெல்லாம் சொல்வார்கள். ஏன் சொல்ல மாட்டார்கள்? நான் கேட்டபோது சொன்னவர்கள்தானே. கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

யாரிடம் போய்ச் சொல்வது? இதில்தான் நாங்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் சிலுவைப் பாதை வழிபாட்டுக்கு முன்னால், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் உண்டு. வெட்கமான விஷயத்தைச் சொல்ல அதைவிடத் தோதான இடம் கத்தோலிக்கர்களுக்கு ஏது? முகம் தெரியாது, நடுவில் மரச் சல்லடை, சொன்னால் தீர்ந்தது. சாமியிடம் சொன்னதாகவும் ஆகும், மானமும் போகாது. மற்றதை அவர் பார்த்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் நடந்ததை எழுதலாமா என்று யாராவது கேட்டால்: அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற பூட்டு சாமியாரின் வாய்க்குத்தான். என் வாய்க்கு இல்லை.

முழங்காலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.  

"ஏனுங்கம்மா," என்றார் சாமி சல்லடைக்கு அந்தப் பக்கம், மெல்ல. "இத மொதல்ல ஆபீசுல வந்து சொல்லியிருக்கோணுமுங்க."

"இங்க சொன்னா என்னங்க சாமி? உங்க காதுலதானுங்களே போடறேன்."

"இங்க கேட்டது எனக்குத் தெரிஞ்ச விஷயமே இல்லீங்க. வெளிய போயி இத வெச்சு நான் ஒண்ணும் பண்ணக் கூடாது. அந்தக் கம்ப்யூட்டர் ஒயரக் கூடக் கழட்ட முடியாது. ஒரு ஊட்டுக்கும் போன் போட்டுச் சொல்ல முடியாது. உங்களப் பாத்து இதப் பத்தி ஒரு வார்த்த கேக்கவும் முடியாது."

"அப்ப அந்த முப்பத்தொரு பேரு?"

"அதுக்குத்தானுங்க சொல்றேன். நீங்களே வந்து ஆபீசுல சொன்னீங்கன்னா உண்டு. பாவத்துக்கு அபராதமா இதப் பண்ணுங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரமில்ல. கேட்டுக்கறேன், அவ்வளவுதான்." அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி, பாவப் பொறுத்தல் கொடுத்தார்.

எழுந்து வந்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. பூட்டிவிட்டுச் சாவியையும் உள்ளேயே போட்டுவிட்டேன். சிலுவைப் பாதை பதினாலு நிலையிலும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. முடிந்ததும் வாசலில் எல்லோரையும் போல என்னிடமும், "முட்டி வலி தேவலீங்களா?" என்று கேட்டார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். மானம் போகிற விஷயத்தில் மட்டும் எனக்கு ஆவல் வேலை செய்வதில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபீசுக்குப் போனேன். எனக்கு முன்னால் சாமி வந்திருந்தார். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஞாயிறு அறிவிப்புகளை அச்செடுக்கும் நாள் அது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த நேரத்தில் அந்த நாற்காலியில்தான் இருப்பார்.

"சாப்டீங்களாம்மா?" என்றார், தினமும் கேட்கிற மாதிரி.

"ஆச்சுங்க சாமி," என்றேன், தினமும் சொல்கிற மாதிரி.

அவர் சுவிட்சைப் போட்டார். நான் நின்று பார்த்தேன். எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது: இந்த மனுஷன் என்ன செய்யப்போகிறார்? அந்த மெஷினுக்குள் ஒருவன் நுழையும் வழி இன்னும் திறந்து கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டக் கூடாது என்றும் தெரியும். வேறு ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போவாரா? கையால் எழுதுகிறேன் என்பாரா? ஒன்றும் செய்யவில்லை. திரை எழுந்தது. மெயில் பக்கம் திறந்தது. வழக்கமாகக் கடவுச்சொல்லைத் தட்டுவதற்கு முன் விரல்களை மடக்கிச் சொடுக்கு எடுப்பார். அன்றைக்கும் எடுத்தார். நெற்றியில் வியர்வை மட்டும் புதுசு. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முதல் எழுத்தைத் தட்டினார்.

"நிறுத்துங்க சாமி!" என்று கத்திவிட்டேன். வெளியே வாசல் கூட்டிக்கொண்டிருந்த கோவில் ஊழியர் எட்டிப் பார்த்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "சொல்லுங்கம்மா," என்றார்.

முதலிலிருந்து சொன்னேன். சிவப்புத் திரை, நல்ல குரல், ஒன்பது எண், பாராட்டு, பட்டியல். அவர் அப்போதுதான் கேட்பவர்போலக் கேட்டார். நடிப்பு இல்லை, நேற்று கேட்காத கேள்விகளைக் கேட்டார். எத்தனை நேரம் உள்ளே இருந்தான்? பட்டியலை மட்டுமா திறந்தான்? உங்க போனுக்கு வந்த எண்ணைச் சொன்னீங்களா? ஒன்றைக்கூட எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. மல்லசமுத்திரம் சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவர்கூட இவ்வளவு பொறுமையாகப் பார்க்க மாட்டார்.

நான் முடித்தேனோ இல்லையோ, மனுஷன் பாய்ந்தார். சுவரில் இருந்த இண்டர்நெட் ஒயரைப் பிடுங்கினார். கம்ப்யூட்டரை அணைத்தார். ஒரு ராத்திரி முழுக்கக் கட்டிப் போட்டிருந்தவரை அவிழ்த்துவிட்டது போலிருந்தது. தன் செல்போனை எடுத்து மெயிலின் கடவுச்சொல்லை அங்கேயே மாற்றினார். சைபர் குற்றப் பிரிவின் உதவி எண்ணைப் பிடித்து என் கையில் கொடுத்தார். நான் மணி, நிமிஷத்தோடு சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண் எழுதிக்கொண்டு, அந்த எண்ணிலிருந்து இன்னொரு தடவை வந்தால் எடுக்காதீர்கள், வங்கிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றாள். வங்கிக்கும் சொன்னேன். ஒன்றும் போயிருக்கவில்லை.

நான்கு ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணை வரவழைத்தோம். அவள் வந்து, அந்தப் புரோகிராமைக் கண்டுபிடித்துக் காட்டினாள். கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் கூடவே அதுவும் எழும்படி வைத்திருந்தானாம். "அந்தச் செவப்புப் பக்கம் இருக்குதுங்களே, அது வெறும் படமுங்க. சினிமா போஸ்டர் மாதிரி. அது ஒண்ணையும் பூட்டல. மூடிட்டு எந்திரிச்சிருந்தா முடிஞ்சு போச்சு. நீங்க போன் போட்டு உள்ள கூப்பிட்டதுதான் வினை."

"மூட முடியலியேம்மா. எலி நகரலியே."

"திரை முழுக்க விரிச்சு வெச்சிருப்பானுங்க, மூடற இடம் தெரியாது. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூணையும் ஒண்ணா அமுக்கி மூடிரலாம். ஒண்ணுமே தெரியலீன்னா ஒயரப் புடுங்கிருங்க. அணைச்சா அழியுமுன்னு அவன் சொல்றதே, அணைச்சா அவன் பொழப்பு போயிருமுன்னுதான்."

"நானும் புடுங்கினேனே," என்றேன் கொஞ்சம் கெத்தாக.

"புடுங்கினீங்க. அப்பறம் மாட்டினீங்களே," என்றாள்.

அவள் கம்ப்யூட்டரைத் துடைத்து முதலிலிருந்து போட எடுத்துக்கொண்டு போனாள். பதிவேடுகளை மட்டும் பரிசோதித்துத் தனியாக எடுத்து வைத்தாள். எனக்கு அவளிடம் கேட்க இன்னும் நாற்பது கேள்விகள் இருந்தன. சாமி கடிகாரத்தைக் காட்டினார்.

மிச்சம் இருந்தது அந்த முப்பத்தொரு வீடுகள். "நாளைக்குப் பூசையில அறிவிச்சரலாமுங்களா?" என்றார் சாமி. பூசைக்கு வர முடிந்தவர்கள் அந்தப் பட்டியலில் ஏன் இருக்கப் போகிறார்கள் என்றேன். நானே கூப்பிடுகிறேன் என்று கோவில் போனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். துருவிக் கேட்டது என் குரல். அதே குரல்தான் இதையும் சொல்ல வேண்டும்.

முதல் வீட்டுக்குச் சொன்னபோதே சிக்கல் புரிந்தது. "கோவில்ல இருந்து பேசறோமுன்னு யாராச்சும் கூப்பிட்டு, ஊட்டு விவரம், பேங்க் விவரம், எண் கிண் கேட்டா, போனை வெச்சிருங்க" என்றேன். "சரிங்கம்மா," என்றார் அந்த அம்மாள். "வெக்கறதுக்கு முன்னால என்ன சொல்லிட்டு வெக்கட்டுமுங்க?" எங்கள் பக்கத்தில் யாரும் போனைச் சும்மா வைப்பதில்லை. "சரிங்க", "ஆகட்டுமுங்க", "அப்பறம் பேசலாமுங்க", "வெச்சரட்டுங்களா", "வெச்சிருங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுத்தான் வைப்பார்கள். அந்த வழியனுப்புகிற நேரம் போதும் அவனுக்கு. எனக்கே ஒரு நிமிஷம் லைனில் இருங்க என்றுதானே சொல்ல வந்தது.

ஆகவே ஒத்திகை வைத்தேன். "இப்ப நான் பேசிட்டே இருப்பேன். நீங்க ஒண்ணும் சொல்லாம டக்குனு வெக்கோணும். வெச்சுக் காட்டுங்க." சிலர் சிரித்தார்கள். சிலர் இரண்டு தடவை தயங்கி வைத்தார்கள். காது மந்தமானவரிடம் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துச் சொல்லி, கையோடு பின்கதவுக்குத் தாழும் போடச் சொன்னேன். ஜன்னல் கட்டையில் இருந்த சாவி இடம் மாறியது. எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வீடாக என் காதில் லைன் வெட்டுப்பட்டது. முப்பது வருடத்தில் என்னை யாரும் இப்படி வரிசையாக வெட்டியதில்லை.

கடைசி வீட்டுக்காரர் வைக்கவே இல்லை. லாரி மெக்கானிக்காக இருந்தவர், எண்பது வயது, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் நடப்பவர். மகள் கனடாவில், மதியம் தனியாக இருப்பவர் இவர்தான்.

"நீங்க பேசிட்டிருக்கறப்ப எப்படீங்கம்மா வெக்கறது? கோவில்ல இருந்து பேசறீங்க."

"அதுக்குத்தானுங்க ஐயா. வெச்சுப் பழகுங்க."

"நீங்க மொதல்ல வையுங்க. நான் பின்னாலயே வெச்சர்றேன்."

"நான் வெக்க மாட்டேனுங்க. எங்க வேலையில வெக்கக் கூடாது."

"அப்ப ரெண்டு பேரும் இப்படியே இருந்துக்க வேண்டியதுதானுங்க," என்றார். அவர் மூச்சு வாங்குவது கேட்டது. எனக்குத் துக்கம் பொத்துக்கொண்டு வந்தது. "ஐயா, நான் உங்களப் பத்தி எழுதி வெச்சத ஒருத்தன் எடுத்துட்டுப் போயிட்டான். என் தப்புங்க. நீங்க வெக்கலீன்னா எனக்குத் தூக்கம் வராது," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.  "மன்னிச்சுக்கோங்கம்மா," என்று சொல்லிவிட்டு வைத்தார். மன்னிப்புக் கேட்காமல் வைக்க அவருக்குக் கடைசிவரை வரவில்லை.

மதியம் சாமி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். அந்த லத்தீன் சொற்களைக் கேட்டேன். நிபந்தனையோடு கொடுக்கிற ஞானஸ்நானமாம். குழந்தைக்கு ஏற்கெனவே ஒருவர் அவசரத்துக்குக் கொடுத்துவிட்டாரா இல்லையா என்ற சந்தேகம் இருந்தால், மறுபடியும் ஒரு முறை கொடுப்பார்களாம். இதைத் தெரிந்துகொள்ளத்தான் இத்தனை கூத்தும் என்று இருவரும் சிரித்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

மெஷின் திரும்பி வந்த பிறகு பட்டியலைப் பழையபடி நோட்டில் எழுதினேன். பெயர், கதவு எண், போன் எண். கடைசிக் கட்டம் இல்லை.

முதல் வெள்ளி வந்தது. அன்று சாமிக்கு பிஷப் இல்லத்தில் கூட்டம். பதினோரு மணிக்குப் பதில் பத்து மணிக்கே வீடுகளுக்குக் கிளம்ப வேண்டும். எல்லோருக்கும் சொல்ல உட்கார்ந்தேன். மெக்கானிக் ஐயா எடுத்தார். "ஐயா, கோவில்ல இருந்து பேசறேனுங்க" என்றேன். டக். மறுபடி போட்டேன். "ஐயா, நான்தானுங்க..." டக். மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் குடையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு, செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் அவர் வீட்டைத் தேடி நடந்தேன்.

கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாக யார் என்று கேட்டார். சொன்னேன். என் குரலைத் தெரிந்துகொண்டு தாழை விலக்கினார்.

"நீங்கதானா போன் போட்டது? கோவில்னு சொன்னீங்க, வெச்சுட்டனுங்க. முந்தாநேத்தும் இப்படித்தான் ஒரு பொண்ணு போட்டுது. தமிழ்தான், ஆனா நம்மூரு தமிழில்ல. கோவில்ல இருந்து பேசறோம், உங்க மக கனடாவுல இருக்காங்கதானே, மதியத்துல தனியாத்தானே இருப்பீங்கன்னுச்சு."

 நான் தட்டி வைத்த வாக்கியம், கட்டத்தில் இருந்த அதே வரிசையில். வாசற்படியிலேயே உட்கார்ந்தேன்.

"அப்பறம் என்ன சொன்னாளுங்க?" என்று கேட்டேன். இந்த நேரத்திலும் எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"தெரியலீங்களே. அதுக்குள்ள வெச்சுட்டேன்," என்றார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "முந்தாநேத்து வெச்சப்ப கை நடுங்குச்சுங்கம்மா. இன்னைக்கு நீங்க போட்டப்ப நடுங்கல."